பழைய கார்களில் ஸ்டீரிங் மாற்றும்போது அடையாளத் தகட்டைக் காப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பவர் ஸ்டீரிங் போடுவது, ஸ்டீரிங் காலத்தை (வீலுக்குக் கீழே இறங்கும் ‘காலம்’ என்ற தூண்) மாற்றுவது, இடப்பக்க ஸ்டீரிங்கை வலப்பக்கம் கொண்டுவருவது என்று பழைய வண்டிகளில் செய்யும் வேலைகளைப் பற்றித் திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்களை இங்கே தொகுத்திருக்கிறோம். பெரும்பாலும் அமெரிக்க வண்டிகளான கார்வெட், மஸ்டாங் பற்றியும், நம் ஊரில் இன்னும் ஓடும் போர்க்கால வில்லிஸ், ஃபோர்டு ஜீப்புகள் பற்றியும் பேசுகிறோம். கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை விட்டிருக்கிறோம்.

ஸ்டீரிங்கை மாத்துறதுக்கும் வண்டியோட நம்பர் தகட்டுக்கும் என்னங்க சம்பந்தம்?

பல வண்டிகளில் இரண்டும் ஒரே இடத்தில் இருப்பதுதான் சம்பந்தம். 1962 கார்வெட்டில் அடையாளத் தகடு ஸ்டீரிங் காலத்தின் வெளிக்குழாய் மேலேயே ஸ்பாட் வெல்டு செய்யப்பட்டிருக்கிறது. அந்தக் காலத்தைக் கழற்றித் தூக்கிப் போட்டால் வண்டியின் பெயரையே தூக்கிப் போட்டதாக ஆகிவிடும். வில்லிஸ் ஜீப்பில் ஸ்டீரிங் பாக்ஸ் (வீலின் திருப்பத்தைச் சக்கரங்களுக்கு அனுப்பும் பெட்டி) உட்காரும் அதே இடது நீளச்சட்டத்தின் (சேஸில் நீளவாக்கில் ஓடும் இரும்பு) முன்பகுதியில் சேஸ் நம்பர் தகடு இருக்கிறது. மஸ்டாங்கில் நம்பர் குத்தியிருக்கும் தகரத்தைச் சில ஸ்டீரிங் கிட்டுகள் (மாற்றுவதற்கான பாகத் தொகுப்புகள்) வெட்டச் சொல்கின்றன.

எஞ்சின் வேலையிலோ பிரேக் வேலையிலோ இந்தத் தொல்லை அவ்வளவாகக் கிடையாது. அதனால்தான் நல்ல மெக்கானிக்குகள்கூட ஸ்டீரிங் வேலையில் இதைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள்.

தகடுன்னா முன்னாடி பின்னாடி மாட்டுற நம்பர் பிளேட்தானே?

இல்லை. பம்பரில் மாட்டுவது பதிவு எண். ஊர் மாறினால், நாடு மாறினால் அதுவும் மாறும். நாம் பேசுவது தொழிற்சாலையில் வண்டிக்கு இட்ட எண்ணைப் பற்றி. அமெரிக்காவில் வின் நம்பர் என்பார்கள், நம் ஊரில் சேஸ் நம்பர். அது தனித் தகட்டில் பொறித்து ஒட்டியதாகவும் இருக்கலாம், தகரத்திலோ சேஸிலோ நேரடியாகக் குத்தியதாகவும் இருக்கலாம். இரண்டையும் சேர்த்துத்தான் இங்கே அடையாளம் என்கிறோம்.

இப்போதைய வண்டிகளில் உள்ள 17 இலக்க எண் அமெரிக்காவில் 1981 மாடலிலிருந்துதான் வந்தது. அதற்கு முன் ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு முறை. முதல் மஸ்டாங்கின் எண் 5எஃப்08எஃப்100001. முதல் 5 என்பது 1965 மாடல். அடுத்த எஃப் டியர்பார்ன் தொழிற்சாலை. 08 திறந்த கூரை. இரண்டாவது எஃப் 260 கன அங்குல வி8 எஞ்சின். மீதி வரிசை எண். இப்படி ஒவ்வோர் எழுத்துக்கும் பொருள் இருப்பதால், ஒரு எழுத்து அழிந்தாலும் வண்டி என்ன வண்டி என்பதே சந்தேகமாகிவிடும்.

என் வண்டில அது எங்க இருக்கும்?

முதல் தலைமுறை கார்வெட்டில் 1953 முதல் 1960 மாடலின் ஒரு கட்டம் வரை ஓட்டுநர் கதவின் கீல் தூணில். அதற்குப் பின் 1962 வரை பானெட்டைத் திறந்தால் தெரியும்படி ஸ்டீரிங் காலத்தின் மேல். 1963 முதல் 1967 வரை கிளவ் பாக்ஸுக்கு அடியில் குறுக்கே ஓடும் சட்டத்தில். 1968 முதல் இடப்பக்கக் கண்ணாடித் தூணில், வெளியிலிருந்து பார்த்தால் தெரியும்.

மஸ்டாங்கில் 1965 முதல் இடது முன் ஃபெண்டருக்கு உள்ளே இருக்கும் ஏப்ரன் தகரத்தின் மேல் விளிம்பில் குத்தியிருப்பார்கள். பானெட்டைத் திறந்து பார்த்தால் படிக்கலாம். ஃபெண்டருக்கு அடியில் மறைந்தும் எண் இருக்கும். 1968இல் டாஷ்போர்டின் மேல் பயணி பக்கமும், 1969 முதல் ஓட்டுநர் பக்கமும் தனித் தகடு சேர்ந்தது. கதவின் பின் விளிம்பில் ரிவெட் அடித்த தகடு கதவோடு போகக்கூடியது. கதவை மாற்றியிருந்தால் அந்தத் தகடு வேறு வண்டியுடையதாக இருக்கும்.

வில்லிஸ் எம்பி ஜீப்பில் இடது நீளச்சட்டத்தின் உட்பக்கம், முன் பம்பருக்குப் பின்னால், ரிவெட் அடித்த சிறு தகடு. ஃபோர்டு ஜிபிடபிள்யூ ஜீப்பில் தகடு கிடையாது. இடது நீளச்சட்டத்தின் மேற்பரப்பிலேயே குத்தியிருப்பார்கள். இரண்டிலும் கிளவ் பாக்ஸ் மூடியில் தகவல் தகடுகள் உண்டு. அவை இரண்டாம் சாட்சிதான், சேஸுக்குப் பதிலாக ஆகாது.

வேலையைத் தொடங்கறதுக்கு முன்னாடி என்ன செஞ்சு வெச்சுக்கணும்?

ஸ்பானரைத் தொடும் முன் தகட்டில் இருப்பதும் ஆவணத்தில் இருப்பதும் ஒவ்வோர் எழுத்தாகப் பொருந்துகிறதா என்று பாருங்கள். பழைய ஆவணங்களைக் கையால் நகல் எடுத்தபோது எஸ் என்ற எழுத்து 5 ஆகியிருக்கும், சுழியம் ஓ ஆகியிருக்கும். வேலை முடிந்த பிறகு இந்தப் பிழை தெரியவந்தால் நீங்கள்தான் மாற்றினீர்கள் என்று சந்தேகம் வரும். முன்பே தெரிந்தால் வெறும் எழுத்துப் பிழை, திருத்திக்கொள்ளலாம்.

பிறகு படம். முதலில் வண்டியின் முன்பக்கம் முழுவதும் தெரிய ஒன்று, தகடும் அதைச் சுற்றிய பாகங்களும் தெரிய ஒன்று, தகடு மட்டும் நெருக்கத்தில் ஒன்று. நெருக்கப் படத்தில் பக்கத்தில் ஒரு ஸ்கேல் வையுங்கள். டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்து அடித்தால் பள்ளத்தின் ஆழமும் ரிவெட்டின் தலையும் தெளிவாக விழும். ரிவெட்டுகளையும் வெல்டுப் புள்ளிகளையும் தனித்தனியாக எடுங்கள். வெட்டு இல்லாமல் நடந்துகொண்டே ஒரு வீடியோவும் எடுத்துவிட்டால் படங்கள் எல்லாம் ஒரே வண்டியுடையவை என்பதற்குச் சான்று கிடைத்துவிடும்.

குத்திய எண்ணாக இருந்தால் பென்சில் பிரிண்ட் எடுங்கள். மெல்லிய வெள்ளைத் தாளை வைத்து மென்மையான பென்சிலைப் படுக்கவைத்துத் தேய்த்தால் போதும். தேதி போட்டு, வேலை செய்பவரிடமும் கையெழுத்து வாங்கி வையுங்கள். தகட்டின் விளிம்பிலிருந்து மாறாத ஒரு போல்ட் வரை எத்தனை மில்லிமீட்டர் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

கழட்டிப் பத்திரமா வெச்சுட்டு வேலை முடிஞ்சதும் மாட்டினா என்ன தப்பு? என் வண்டிதானே?

அமெரிக்காவில் தெரிந்தே அடையாள எண்ணை அகற்றுவதும் மாற்றுவதும் கூட்டாட்சிக் குற்றம். 1984இல் வந்த சட்டம், ஐந்து ஆண்டு வரை சிறை. பழுது பார்ப்பதற்கு அகற்றுவது நியாயமாகத் தேவைப்பட்டால் விலக்கு உண்டு. மாநிலச் சட்டப்படி எண்ணை மீட்டு வைப்பவருக்கும் விலக்கு உண்டு. ஆனால் பவர் ஸ்டீரிங் போட ஆசைப்படுவது பழுது பார்ப்பதா என்ற கேள்விக்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டிவரும். மாநிலச் சட்டங்கள் வேறு தனியாக இருக்கின்றன, ஒன்றுபோல் ஒன்று இல்லை.

இதன் விலை என்ன என்பதற்கு கான்சாஸில் நடந்ததைச் சொல்ல வேண்டும். ஒருவர் வேறு மாநிலத்தில் வாங்கி வந்த 1959 கார்வெட்டைப் பதிவு செய்யக் கொண்டுபோனார். அவர் வாங்குவதற்கு முன்பே யாரோ புதுப்பிக்கும்போது தகட்டைக் கழற்றித் திரும்ப மாட்டியிருந்தார்கள். திருடிய வண்டி அல்ல, அவர்மேல் குற்றமும் இல்லை. ஆனாலும் 2017இல் வண்டியைப் பறிமுதல் செய்தார்கள். மாநிலச் சட்டப்படி அதை அழிக்க வேண்டும் என்ற நிலை. 2022இல் கான்சாஸ் சட்டமன்றம் பழைய வண்டிகளைப் புதுப்பிக்கும்போது தகட்டைக் கழற்றி மாட்ட அனுமதித்துச் சட்டத்தைத் திருத்திய பிறகுதான் வழி பிறந்தது.

ஆகவே எங்கள் பதில்: கழற்றாமல் செய்ய வழி இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். கிட்டை மாற்றுங்கள், தேவைப்பட்டால் வேலையையே கைவிடுங்கள். கழற்றியே ஆக வேண்டும் என்றால் உங்கள் மாநிலப் பதிவு அலுவலகத்தின் எழுத்து அனுமதி கையில் வந்த பிறகு கழற்றுங்கள்.

62 கார்வெட்ல பவர் ஸ்டீரிங் போடணும். காலத்தோட சேர்த்துதான் பாக்ஸ் வருது. தகடு என்னாகும்?

இந்தத் தொகுப்பிலேயே அதிகம் விளக்க வேண்டியது இதுதான். இந்த வண்டியில் ஸ்டீரிங் வீலிலிருந்து பாக்ஸ் வரை ஒரே நீளமான உள்தண்டு. அதன் அடிமுனையிலேயே வார்ம் (திருகுப் பற்சக்கரம்) இருக்கும். அதற்குமேல் போர்த்தியிருப்பது வெளிக்குழாய். தகடு வெளிக்குழாயில். மாற்ற வேண்டியதோ உள்தண்டும் பாக்ஸும் மட்டும். வெளிக்குழாயை அப்படியே வைத்துக்கொண்டு உள்ளே இருப்பதை மட்டும் மாற்றும் கிட்டைத்தான் வாங்க வேண்டும். அத்தகைய கிட்டுகள் கிடைக்கின்றன. அடியில் ஒரு பேரிங், அதற்குக் கீழே யுனிவர்சல் ஜாயிண்ட் (கோணத்தில் வளைந்தபடியே சுழலும் இணைப்பு), பிறகு முக்கால் அங்குல டபுள்-டி தண்டு (இரு பக்கமும் தட்டையானது), அதன் முடிவில் புது பாக்ஸ் என்று வரிசை அமையும்.

பேட்டரியைக் கழற்றுங்கள். வீலையும் பிட்மன் ஆர்மையும் (பாக்ஸிலிருந்து சக்கர இணைப்புகளை அசைக்கும் கை) புல்லர் போட்டு எடுங்கள், சுத்தியல் வேண்டாம். காலத்தை வெளியே இழுக்கும் முன் தகட்டின் மேல் மாஸ்கிங் டேப் இரண்டு அடுக்கு, அதற்குமேல் அட்டை, அதற்குமேல் துணி சுற்றுங்கள். தகடு அதிகம் கீறப்படுவது வெட்டும்போது அல்ல. ஃபயர்வால் ஓட்டையின் விளிம்பிலும் எஞ்சின் பாகங்களிலும் உரசி இழுக்கும்போதுதான். இருவர் பிடித்து, தகடு எந்தப் பக்கம் இருக்கிறது என்று ஒருவர் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

உள்தண்டை வெட்ட வேண்டியிருந்தால் குழாயிலிருந்து முழுவதும் உருவிய பிறகு வெட்டுங்கள். குழாய்க்குள் வைத்துக்கொண்டு கட்டிங் வீலை ஓட்டினால் குழாய் போகும், தகடும் போகலாம். சில கிட்டுகளில் வெளிக்குழாயின் அடிமுனையையும் குறைக்கச் சொல்வார்கள். குறிப்பேட்டில் போட்டிருக்கும் அளவை நம்பி வெட்டாதீர்கள். தகட்டின் கீழ் விளிம்புக்கும் வெட்டுக்கோட்டுக்கும் இடையில் எவ்வளவு மிச்சம் என்று உங்கள் குழாயிலேயே அளந்து பாருங்கள். இரண்டு அங்குலமாவது இருக்க வேண்டும் என்பது எங்கள் கணக்கு. அதற்குக் குறைந்தால் அந்தக் கிட் உங்கள் வண்டிக்கு ஆகாது. திரும்ப மாட்டும்போது முன்பு எழுதிவைத்த அளவுப்படி தகடு அதே உயரத்தில், அதே பக்கம் பார்க்கட்டும். யுனிவர்சல் ஜாயிண்ட் 30 டிகிரிக்கு மேல் வளைந்தால் ஸ்டீரிங் ஓர் இடத்தில் இறுகும், ஓர் இடத்தில் தளரும். அதைச் சரிசெய்யக் காலத்தைத் திருகி வைக்காதீர்கள், பாக்ஸின் பிராக்கெட்டைச் சரிசெய்யுங்கள்.

டில்ட் ஆகற புது காலம் வாங்கிட்டேன். பழைய தகட்டை எடுத்து இதுல ஒட்டிட்டா ஆகாதா?

ஆகாது. ஸ்பாட் வெல்டு என்பது இரு தகட்டையும் இரு பக்கமும் மின்முனை வைத்து அழுத்தி உருக்குவது. அதை எடுக்க ஒவ்வொரு புள்ளியையும் துளைக்க வேண்டும் அல்லது பிய்க்க வேண்டும். துளைத்த தகட்டை யார் பார்த்தாலும் தெரியும். திரும்ப அதேபோல் வெல்டு வைக்கக் குழாய்க்கு உள்ளே ஒரு மின்முனை போக வேண்டும், சாதாரண ஒர்க்‌ஷாப்பில் நடக்காது. கடைசியில் பாப் ரிவெட்டோ (ஒரு பக்கமிருந்தே அடிக்கும் சாதாரண ரிவெட்) பசையோதான் மிஞ்சும். 1962 கார்வெட்டில் பாப் ரிவெட் அடித்த தகடு இருந்தால் சோதிப்பவர் அங்கேயே நின்றுவிடுவார்.

டில்ட் வசதி கட்டாயம் வேண்டுமென்றால், மேல் பாதியில் மட்டும் டில்ட் அமைப்பைச் சேர்த்து, ஃபயர்வாலுக்கு முன்னால் இருக்கும் பழைய வெளிக்குழாய்ப் பகுதியை அசையாமல் வைக்க முடியுமா என்று காலம் வேலை தெரிந்தவரிடம் கேளுங்கள். செலவு கூடும். ஆனால் தகடு பிறந்த இடத்திலேயே இருக்கும்.

அந்தப் பழைய தண்டு விபத்துல நெஞ்சுல குத்தும்னு சொல்றாங்களே. அப்புறமும் அதையே வெச்சுக்கணுமா?

பயம் நியாயமானது. மோதினால் மடங்கிக் கொடுக்கும் காலம் அமெரிக்காவில் 1968 தொடக்கத்தில்தான் கட்டாயமானது. அதற்கு முன் பாக்ஸ் பின்னுக்குத் தள்ளப்பட்டால் ஒரே நீளத் தண்டு நேராக ஓட்டுநரை நோக்கி வரும்.

காக்க வேண்டியது வெளிக்குழாய் மட்டுமே, உள்தண்டு அல்ல. மேலே சொன்ன முறையில் ஒன்றுக்குப் பதில் இரண்டு யுனிவர்சல் ஜாயிண்ட் போட்டு, நடுவே ஒன்றுக்குள் ஒன்று நுழையும் டபுள்-டி தண்டு வைத்தால் மோதும்போது தண்டு குறுகவும் ஒதுங்கவும் இடம் கிடைக்கும். தகடும் தப்பும், ஓட்டுகிறவருக்கும் பழையதைவிடப் பாதுகாப்பு. இந்த மாற்றத்தை நாங்கள் மனமாரச் சொல்லுவோம்.

65 மஸ்டாங்குக்கு ராக் அண்ட் பினியன். இதுல தகட்டைத் தொடவே வேணாமே?

கிட்டைப் பொறுத்தது. இருக்கும் குறுக்குச் சட்டத்தில் போல்ட் போட்டு உட்காரும் ராக் கிட் (பற்கள் வெட்டிய தண்டைச் சிறு பற்சக்கரம் இடம் வலமாக நகர்த்தும் வகை) ஏப்ரனைத் தொடாது. பழைய பாக்ஸ் இருந்த இடத்திலேயே பவர் பாக்ஸ் போடும் கிட்டும் தொடாது. ஷாக் டவரை (முன் ஸ்பிரிங்கைத் தாங்கும் தகரக் கூடு) வெட்டி எடுத்துவிட்டு மஸ்டாங் 2 என்ற பிந்தைய மாடலின் வகை முன் சஸ்பென்ஷனோடு சேர்த்து ராக் போடும் கிட்தான் ஆபத்து. டவரும் ஏப்ரனும் ஒட்டிய தகரம். எண் குத்தியிருப்பது ஏப்ரனின் மேல் விளிம்பில். கிட்டோடு வரும் மூடு தகரத்தைப் பொருத்த ஏப்ரன் முழுவதையும் எடுத்துவிட்டால் எண்ணும் குப்பைக்குப் போய்விடும்.

டவரை வெட்டியே தீர வேண்டுமென்றால், மேல் விளிம்புப் பட்டையை எண்ணோடு முழுதாக, தன் இடத்திலேயே விட்டு அதற்குக் கீழே வெட்டுகிற முறையைத் தேர்ந்தெடுங்கள். எண்ணுக்கு மேல் வெல்டிங் போர்வை மூடுங்கள். எர்த் கிளாம்பை எண் இருக்கும் விளிம்பில் மாட்டாதீர்கள், பொறி பறந்தால் எழுத்து தீய்ந்துவிடும். துரு பிடித்த ஏப்ரனுக்குப் பதில் புது ஏப்ரன் வாங்குகிறவர்களுக்கும் இதே அறிவுரைதான். புதியதில் எண் இருக்காது. கெட்ட பகுதிக்கு மட்டும் ஒட்டுப் போடுங்கள்.

ஸ்டீரிங்கை வலப்பக்கம் கொண்டுவந்தா தகட்டையும் வலப்பக்கம் மாத்தணுமா?

மாற்றக் கூடாது. ஓட்டுநர் பக்கம் என்று புத்தகத்தில் எழுதியிருப்பது தொழிற்சாலையிலிருந்து வந்த நிலையைத்தான். ஆஸ்திரேலியாவில் வலப்பக்கம் மாற்றிய மஸ்டாங்கிலும் எண் இடது ஏப்ரனில்தான் இருக்கும்.

உண்மையான சிக்கல் 1963 முதல் 1967 வரையான கார்வெட்டில். தகடு கிளவ் பாக்ஸுக்கு அடியில் உள்ள குறுக்குச் சட்டத்தில் இருக்கிறது என்றோம். வலப்பக்க ஸ்டீரிங் வந்தால் கிளவ் பாக்ஸ் இருந்த இடத்தில்தான் காலமும் வீலும் வரும். சட்டத்தை வெட்டினால்தான் காலம் இறங்கும் என்பார்கள். வாங்கும் முன் பெடல், காலம், சட்டம் மூன்றையும் அளந்து அட்டையில் மாதிரி வெட்டி வைத்துப் பாருங்கள். சட்டத்தை வெட்டாமல் முடியாது என்றால் அந்த வண்டியை இடப்பக்க ஸ்டீரிங்கோடு ஓட்டுவதே நல்லது.

பெயிண்ட், பிளாஸ்டிங் எல்லாம் போகும்போது எப்படிக் காப்பாத்தறது?

மணல் வீச்சுக்கோ சோடா வீச்சுக்கோ எண்ணை ஒருபோதும் காட்டக் கூடாது. தகட்டில் உள்ள பொறிப்பும் நிறமும் மெல்லியவை, ஒரே வீச்சில் மங்கிவிடும். டேப் மட்டும் போதாது, கிழிந்துவிடும். டேப்பின் மேல் ரப்பர் ஷீட் ஒட்டி அதன் விளிம்பையும் டேப்பால் அடையுங்கள். பெயிண்ட் ரிமூவர் தடவும்போது தகட்டிலிருந்து ஓர் அங்குலம் தள்ளியே நிறுத்தி, மிச்சத்தைக் கையால் தேய்த்து எடுங்கள்.

பவுடர் கோட்டிங் வேண்டாம். அடுப்பு ஏறத்தாழ 200 டிகிரி செல்சியஸ் போகும், அதற்கு முன் பிளாஸ்டிங்கும் அமிலக் குளியலும் இருக்கும். தகடு இருக்கும் வெளிக்குழாய்க்குச் சாதாரண ஸ்பிரே பெயிண்ட்தான் சரி. பட்டறைக்கு அனுப்பும் ஒவ்வொரு பாகத்திலும் ‘இந்த இடத்தைத் தொடாதே’ என்று எழுதிய அட்டையைக் கம்பியால் கட்டி அனுப்புங்கள். வாய்ச்சொல் பட்டறையின் இரண்டாம் ஆளிடம் போய்ச் சேராது.

நம்பர்மேல துரு. கிரைண்டர் போட்டா தெளிவா வருமா?

வராது, போய்விடும். குத்திய எழுத்தின் ஆழம் மிகக் குறைவு. கிரைண்டரும் வயர் வீலும் முதலில் தின்பது எழுத்தைச் சுற்றிய மேட்டைத்தான். மேடு போனால் பள்ளமும் இல்லை. பித்தளைக் கம்பி பிரஷால் கையால் தேயுங்கள். மண்ணெண்ணெய் ஊறவைத்துத் துடையுங்கள். பிடிவாதமான துருவுக்குப் பாஸ்பாரிக் அமிலம் கலந்த ரஸ்ட் ரிமூவரைப் பஞ்சில் தொட்டுச் சில நிமிடம் வைத்துக் கழுவி உடனே உலர்த்துங்கள். முடிந்ததும் நிறமற்ற வார்னிஷ் ஒரு மெல்லிய பூச்சு, அல்லது கிரீஸ். படிக்க முடியாத எழுத்தை நீங்களே பஞ்ச் வைத்து ஆழப்படுத்தக் கூடாது. திருடர்கள் செய்வதும் அதுதான், பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரியாது.

நம்ம ஊர் வில்லிஸ் ஜீப்புக்குப் பவர் ஸ்டீரிங் போட்டுத் தர்றேன்னு மெக்கானிக் சொல்றார். போடலாமா?

இந்த ஜீப்பில் வந்தது ராஸ் கம்பெனியின் ஸ்டீரிங் பாக்ஸ். இடது நீளச்சட்டத்தில் போல்ட் போட்டிருக்கும். ஓட்ட கனமாக இருக்கிறது என்றால் பாதிக் காரணம் பாக்ஸே இல்லை. கிங் பின் பேரிங், டை ராட் முனைகள், பெல் கிராங்கின் தேய்மானம், அகல டயர் இவைதான். இவற்றைச் சரிசெய்து, பாக்ஸில் எண்ணெய் மாற்றி, சரியான டயர் போட்டுப் பாருங்கள். பலருக்கு அதற்குமேல் தேவைப்படாது.

பவர் பாக்ஸ் எடை அதிகம், உதைப்பும் அதிகம். மெல்லிய சட்டம் விரிசல் விடாமல் இருக்க முன்பகுதியைத் தகடு வைத்துப் பெட்டிபோல் மூடி வெல்டு வைப்பார்கள். வில்லிஸ் தகடு சட்டத்தின் உட்பக்கம் என்பதால் அந்த மூடலுக்குள் அது உயிரோடு புதைந்துவிடும். ஃபோர்டில் மேற்பரப்பு எண்ணின் மேலேயே பிராக்கெட் உட்காரும். வேலை நடந்தே ஆக வேண்டுமென்றால் பிராக்கெட் போல்ட் மட்டும் போடுவதாக இருக்கட்டும், எண்ணுக்கு நேரே ஜன்னல்போல் இடம் விட்டு வெட்டியிருக்கட்டும். ஃபோர்டு ஜீப்பில் தொழிற்சாலையிலிருந்து வந்தபோது சேஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் ஒன்றாக இருக்கும். அப்படி இன்றும் பொருந்தி இருக்கும் வண்டி கிடைத்திருந்தால் தயவுசெய்து அந்தச் சட்டத்தில் வெல்டு வைக்காதீர்கள்.

நம்ம ஊர் ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல இதுக்கெல்லாம் கேள்வி வருமா?

வரும். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் சொன்னதிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. அனுமதியில்லாத மாற்றத்துக்கு உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். பெயர் மாற்றத்துக்கும் எஃப்.சி.க்கும் போகும்போது பிரேக் இன்ஸ்பெக்டர் முதலில் குனிந்து பார்ப்பது சேஸ் நம்பரைத்தான். பென்சில் பிரிண்ட் விழவில்லை என்றால் மற்றது எதுவும் நகராது.

50 ஆண்டு கடந்த வண்டிகளுக்கு 2021இல் வந்த விண்டேஜ் பதிவு முறையையும் நினைவில் வையுங்கள். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து ஆண்டு செல்லும், புதுப்பிக்க 5,000 ரூபாய். வண்டி மூல வடிவில் இருக்க வேண்டும், சேஸிலோ பாடியிலோ எஞ்சினிலோ பெரிய மாற்றம் கூடாது. ஸ்டீரிங்குக்காகச் சேஸில் வைத்த வெல்டு இந்தத் தகுதிக்கே உலை வைக்கலாம்.

இடப்பக்க ஸ்டீரிங் ஜீப்பை அப்படியே ஓட்டினா பிடிப்பாங்களா? அதுக்காகத்தான் வலப்பக்கம் மாத்த நினைச்சேன்.

இடப்பக்க ஸ்டீரிங் வண்டியை முற்றிலும் தடை செய்யவில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 120ஆம் பிரிவு, இயங்கும் நிலையில் உள்ள இயந்திர அல்லது மின் சைகைக் கருவி இருந்தால் இடப்பக்க ஸ்டீரிங் வண்டியைப் பொது இடத்தில் ஓட்டலாம் என்கிறது. இண்டிகேட்டர் நான்கும் ஒழுங்காக எரியட்டும். இதற்காக நீளச்சட்டத்தை வெட்டி ஸ்டீரிங்கை மாற்ற வேண்டிய கட்டாயம் இல்லை.

தகடு அழகா இல்ல. ஆன்லைன்ல புதுசா அடிச்சுத் தர்றாங்க, வாங்கலாமா?

ஜீப்பின் கிளவ் பாக்ஸில் இருக்கும் கியர் போடும் விளக்கத் தகடு, எச்சரிக்கைத் தகடு போன்றவற்றைப் புதிதாக வாங்குவதில் தொல்லை இல்லை. அடையாள எண் உள்ள தகட்டைப் புதிதாக அடிப்பது வேறு சங்கதி. அசலைக் கழற்றாமல் புதியதை மாட்ட முடியாது. கழற்றினால் என்ன ஆகும் என்பதை மேலே கான்சாஸ் விஷயத்தில் பார்த்தோம். மங்கிய அசல் தகட்டுக்குப் பளபளக்கும் போலி ஈடாகாது, விலையிலும் ஆகாது.

நான் வாங்கும்போதே தகடு பாப் ரிவெட்ல இருந்துச்சு. இப்ப என்ன பண்றது?

தொடாதீர்கள். ‘சரியான’ ரிவெட் தேடி மாற்றினால் யாரோ செய்த தவறு உங்கள் தவறாகிவிடும். கார்வெட்டைச் செய்த ஜெனரல் மோட்டார்ஸின் அசல் ரிவெட்டுகளில் பூ இதழ்போலத் தலை உள்ள ரோஸட் வகை உண்டு. அதன் போலிகளும் விற்கின்றன, அதனால் ரிவெட்டை மட்டும் பார்த்து யாரும் முடிவு செய்வதில்லை. மறைந்திருக்கும் எண்களைத் தேடுங்கள். முதல் தலைமுறை கார்வெட்டின் சேஸிலும், மஸ்டாங்கின் ஃபெண்டருக்கு அடியிலும் எண் இருக்கும். அவை தகட்டோடு பொருந்தினால் அந்தப் படங்கள், பழைய விற்பனைச் சீட்டுகள், முந்தைய உரிமையாளரின் கடிதம் எல்லாவற்றையும் சேர்த்து, ஸ்டீரிங் வேலை தொடங்கும் முன் பதிவு அலுவலகத்தில் காட்டுங்கள். பொருந்தவில்லை என்றால் வேலையை நிறுத்திவிட்டு ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள்.

மறைந்த எண்ணின் படத்தைப் பொதுவெளியில் போடாதீர்கள். போலி செய்பவருக்கு அதுதான் வேண்டும்.

பாக்ஸ் உட்கார்ற இடத்துல நீளச்சட்டமே துருப்பிடிச்சுப் போச்சு. வேற ஜீப் சட்டத்தை மாத்திட்டு பழைய நம்பரை வெட்டி அதுல வெல்டு வைக்கலாமா?

கூடவே கூடாது. ஒரு சேஸின் எண்ணை வெட்டி இன்னொரு சேஸில் ஒட்டுவதைத் திருட்டு வண்டிக்காரர் செய்தாலும் நீங்கள் செய்தாலும் சோதனையில் ஒரே மாதிரிதான் தெரியும். எண் உள்ள துண்டு நன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் இருக்கும், அதற்குப் பின்னால்தான் அரித்திருக்கும். அப்படியானால் எண் உள்ள முன்பகுதியை இடத்திலேயே வைத்து, அரித்த இடத்துக்கு மட்டும் அதே கனமுள்ள தகடு வெட்டிச் சேருங்கள். இணைப்பு நேர்க்கோட்டில் வேண்டாம், சாய்வாக இருக்கட்டும். எண்ணிலிருந்து மேலே சொன்ன இரண்டு அங்குல இடைவெளி இங்கேயும் பொருந்தும். இடையில் ஈரத்துணி வைத்து, சிறு சிறு துண்டாக வெல்டு வையுங்கள்.

எண் உள்ள துண்டே போயிருந்தால் ஆர்.டி.ஓ.வுக்கு எழுதிக் கொடுத்து, படங்களோடு, அவர்கள் சொல்லும் முறையில்தான் செய்ய வேண்டும். அரித்த பழைய சட்டத்தை அவர்கள் பார்க்கும் வரை பழைய இரும்புக் கடைக்குப் போடாதீர்கள்.

வேலை முடிஞ்சாச்சு. கழட்டின பழைய பாக்ஸ், தண்டு எல்லாம் வித்துடலாமா?

வைத்துக்கொள்ளுங்கள். தூசி படாமல் எண்ணெய் தடவி, சுற்றி, வண்டியின் எண்ணும் கழற்றிய தேதியும் எழுதிய அட்டை கட்டி வையுங்கள். நாளை வாங்குபவர் பழைய நிலைக்குக் கொண்டுவர விரும்பலாம். சோதிப்பவர் எதை மாற்றினாய் என்று கேட்டால் காட்டவும் உதவும். கிட் வாங்கிய ரசீது, வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த படங்கள், பென்சில் பிரிண்ட் மூன்றையும் ஒரே கோப்பில் போட்டு வண்டியோடு வையுங்கள். புதிய பாக்ஸில் வேறு வண்டியின் எண் ஏதும் குத்தியிருக்கிறதா என்றும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். பழைய இரும்புக் கடையிலிருந்து வந்த பாக்ஸானால், வாங்கிய கடையின் ரசீது அந்தக் கோப்பில் முதல் தாளாக இருக்கட்டும்.